பொதுத்தேர்வு ரத்தானால் மார்க் எங்கிருந்து வருகிறது? பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2020 ஜூன் 9. கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் பழனிசாமி அறிவித்தார். அன்று இரவு வரை என் போன் ஓயவில்லை. எல்லாப் பெற்றோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "சார், ஆல் பாஸ்னு சொல்லிட்டாங்க, சரி. மார்க் எப்படி சார் போடுவீங்க?"

நான் அப்போது பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர், வகுப்பாசிரியரும் நான்தான். அந்தக் கேள்விக்கு எனக்கே அன்று பாதி விடைதான் தெரியும். மீதியை அடுத்த சில வாரங்கள் மார்க் ரெஜிஸ்டரோடும் வருகைப் பதிவேட்டோடும் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். மறு ஆண்டு பிளஸ் டூவுக்கும் அதே நிலை வந்தபோது இன்னும் கொஞ்சம் புரிந்தது. அப்படித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தச் சூத்திரமும் புதிதாக மார்க்கை உண்டாக்குவதில்லை. முன்பே எங்கோ, யாரோ ஒரு ஆசிரியர் சிவப்பு மையால் எழுதி வைத்ததை எடுத்து, இதில் இத்தனை பங்கு, அதில் இத்தனை பங்கு என்று கூட்டும். அவ்வளவுதான். அதனால் சூத்திரம் நியாயமா என்று கேட்பதோடு, அதற்குள் போகும் எண் சரியா என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்காக ஊரே பேசும். இரண்டாவதைக் கேட்க உங்களை விட்டால் ஆள் இல்லை.

முதல் படி: எது ரத்து, யார் சொன்னது

தேர்வு ரத்தானால் பள்ளிதான் மார்க்கை முடிவு செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முறையை வகுப்பது அரசோ வாரியமோதான். தமிழ்நாட்டில் அரசாணை வரும், அதன்படி அரசுத் தேர்வுகள் இயக்ககம் பள்ளிகளிடம் விவரம் கேட்கும். பள்ளியின் வேலை கேட்ட எண்ணைக் கேட்ட வடிவத்தில் கொடுப்பது. ஹெச்.எம்.மிடம் போய் "என் பிள்ளைக்கு நாலு மார்க் கூடப் போடுங்க" என்று கேட்பதில் பயனில்லாததற்கு இதுதான் காரணம்.

"ரத்து" என்ற சொல்லையும் கவனித்துப் படிக்க வேண்டும். 2020-இல் மூன்று வகுப்புக்கு மூன்று விதமாக நடந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 27-இல் தொடங்க வேண்டியது, ஜூன் 1-க்குத் தள்ளினார்கள், அப்புறம் ஜூன் 15-க்கு, கடைசியில் மொத்தமாக ரத்து. பிளஸ் ஒன்னில் மார்ச் 26 அன்று நடக்க வேண்டிய கடைசித் தாள் மட்டும் ரத்து. அதற்கு முன் எழுதிய தாள்களுக்கு எழுதிய மார்க்கே நின்றது. பிளஸ் டூவில் மார்ச் 24 அன்று கடைசித் தாள் நடந்துவிட்டது. ஆனால் ஊரடங்குப் பதற்றத்தில் வர முடியாமல் போனவர்கள் நிறைய. அவர்களுக்கு ஜூலை 27 அன்று மறுதேர்வு வைத்தார்கள். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்திருந்தால் மூவருக்கும் மூன்று விதி.

ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வரிச் செய்தியை நம்பாமல் அரசாணையையோ வாரியத்தின் சுற்றறிக்கையையோ இறக்கி முழுதாகப் படியுங்கள். பெரும்பாலும் நாலைந்து பக்கம்தான் இருக்கும். பள்ளி மாணவர், தனித்தேர்வர், அரியர் வைத்தவர் என்று யார் யாருக்கு எது பொருந்தும் என்பதும் அதிலேயே இருக்கும்.

இரண்டாம் படி: கையில் என்ன மார்க் இருக்கிறது

2020-இல் பத்தாம் வகுப்புக்குச் சொன்ன கணக்கு எளிமையானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மார்க்குக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு. கேட்க எளிமையாக இருந்ததே தவிர, அந்த மார்க்கைத் தேடி எடுப்பது எளிமையாக இல்லை.

காலாண்டு விடைத்தாளையும் அரையாண்டு விடைத்தாளையும் திருத்தியதும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம். தப்பு எங்கே என்று பார்த்துத் திருத்திக்கொள்ளத்தானே அது. ரேங்க் கார்டு அப்பா கையெழுத்துக்காக வீட்டுக்குப் போகும், சிலது திரும்பி வரும், சிலது வராது. மார்க் ரெஜிஸ்டர் மட்டும்தான் பள்ளி பீரோவில் இருக்கும். இந்த நிலையில் விடைத்தாளையும் ரேங்க் கார்டையும் ஒப்படைக்கச் சொல்லி இயக்ககம் கேட்டது. சில பள்ளிகள் பழைய மார்க்கைக் கூட்டி எழுதிவிடக் கூடும் என்ற சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

மாஸ்க் போட்டுக்கொண்டு, பேருந்து ஓடாத நாட்களில், சைக்கிளிலும் அப்பாவின் வண்டியிலும் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி அரையாண்டு அறிவியல் தாளை நாலாக மடித்து, நகைக்கடை பர்ஸில் வைத்துக் கொண்டுவந்தாள். அவள் அம்மா பத்திரத்தோடு பத்திரமாகப் பீரோவில் வைத்திருந்தாராம். தாளில் 67. ரெஜிஸ்டரில் 61. ஆசிரியர் எழுதிய ஏழு மேல்கோடு தேய்ந்து ஒன்று போல இருந்திருக்கிறது. படியெடுத்தவர் அப்படியே எழுதிவிட்டார். அந்தத் தாள் இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஆறு மார்க் போயிருக்கும், போனது யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களான எங்களுக்கு மட்டுமே தெரிந்தது அது. அரையாண்டுத் தாளைத் திருத்தும்போது பலர் கையை இறுக்கிப் பிடிப்போம். 82 வர வேண்டிய இடத்தில் 74 போடுவோம். பையன் பயந்துபோய் பொதுத்தேர்வுக்கு நன்றாகப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். சில பள்ளிகளில் இதற்கு நேர் எதிராக, பெற்றோர் கூட்டத்தில் முகம் வாட வேண்டாமே என்று தாராளமாகப் போடுவார்கள். பொதுத்தேர்வு என்று ஒன்று வந்து இரண்டையும் சமன் செய்துவிடும் என்ற தைரியம் இருந்தது. அந்த ஆண்டு அது வரவில்லை. கையை இறுக்கிய ஆசிரியரின் பிள்ளைகள் அந்த மார்க்கோடுதான் பதினொன்றாம் வகுப்புக்குப் போனார்கள். என் பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள்.

என் வகுப்பில் ஒருவன் காலாண்டில் கணக்கில் 78. அம்மை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் அரையாண்டு எழுத வந்தான். 41. "பப்ளிக்ல பாத்துக்கலாம் தம்பி" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். அந்த 41 அப்படியே கணக்கில் ஏறியது. அம்மை போட்ட நாட்கள் வருகைப் பதிவேட்டிலும் விடுப்பாகவே நின்றன. மருத்துவச் சான்று வாங்கி வைக்கச் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் படி: பங்கு பிரித்துக் கூட்டுவது

இதைப் புரிந்துகொள்ள 2021 பிளஸ் டூ கணக்கைப் போல வேறு எடுத்துக்காட்டு இல்லை. அந்த ஆண்டு ஜூன் 5 அன்று முதல்வர் ஸ்டாலின் தேர்வு ரத்து என்று அறிவித்தார். குழு அமைத்து, ஜூன் 26 அன்று முறையைச் சொன்னார்கள்:

பத்தாம் வகுப்பில் அதிக மார்க் எடுத்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு. பிளஸ் ஒன்னில் அந்தந்தப் பாடத்தின் எழுத்துத்தேர்வு மார்க்குக்கு 20. பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30.

ஒரு மாணவியை வைத்துப் போட்டுப் பார்ப்போம். பத்தாம் வகுப்பில் தமிழ் 84, ஆங்கிலம் 71, கணக்கு 92, அறிவியல் 88, சமூக அறிவியல் 95. அதிகமான மூன்று 95, 92, 88. கூட்டினால் 275, மூன்றால் வகுத்தால் 91.67, அதில் பாதி 45.83. இந்த 45.83 அவளுடைய ஆறு பாடத்துக்கும் பொது.

இப்போது இயற்பியல். பிளஸ் ஒன்னில் எழுத்துத்தேர்வு 70-க்கு 49. இதை 20-க்குச் சுருக்கினால் 14. பிளஸ் டூ செய்முறை 20-க்கு 20, அகமதிப்பீடு 10-க்கு 9, ஆக 29. மொத்தம் 45.83 + 14 + 29 = 88.83.

ஆங்கிலத்துக்குச் செய்முறை கிடையாது. அங்கே 10 மார்க் அகமதிப்பீட்டையே 30-க்குப் பெருக்கிக்கொண்டார்கள். அவள் பிளஸ் ஒன்னில் 90-க்கு 63 எடுத்திருந்தால் அது 14. அகமதிப்பீடு 9 என்றால் 27. மொத்தம் 86.83. அந்த ஆண்டு ஜூலை 19 அன்று வந்த முடிவில் தசம மார்க் வந்ததற்கு இதுவே காரணம். 8,16,473 பேரும் தேர்ச்சி.

கொஞ்சம் நின்று பாருங்கள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 71 எடுத்தவளுக்கு அந்த 71 எங்கேயுமே வரவில்லை. சமூக அறிவியலில் எடுத்த 95 அவளுடைய இயற்பியல் மார்க்கைத் தூக்கியது. அகமதிப்பீட்டில் ஒரு மார்க் குறைந்தால் ஆங்கிலத்தில் மூன்று மார்க் போகும், இயற்பியலில் ஒன்றுதான் போகும். பிளஸ் டூவில் பெரும்பகுதி வீட்டில் செல்போன் வழியாகப் படித்தது எதுவும் நேரடியாகக் கணக்கில் இல்லை.

பத்தாம் வகுப்புக்கு ஏன் இவ்வளவு பங்கு? என் புரிதல் இது. அந்த மாணவர்கள் 2019-இல் எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வுதான் எந்தக் குறையும் இல்லாமல் நடந்து முடிந்த பொதுத்தேர்வு. பிளஸ் ஒன் மார்க்கோ கல்லூரிச் சேர்க்கைக்கு வராது என்று 2018-லேயே சொல்லிவிட்டதால், பலர் அதைப் பாஸானால் போதும் என்று எழுதினார்கள். வராது என்று சொல்லிவிட்டுப் பிறகு 20 விழுக்காடு எடுத்தது சில பிள்ளைகளுக்கு வலித்தது, அதில் நியாயமும் உண்டு. வேதியியல் எடுத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். அவர்களுடைய பிளஸ் ஒன் வேதியியல் தாள்தான் 2020-இல் ரத்தான கடைசித் தாள். அதற்கும் காலாண்டு, அரையாண்டு, வருகையை வைத்துத்தான் மார்க் போட்டிருந்தார்கள். மதிப்பீட்டின் மேல் இன்னொரு மதிப்பீடு.

சிபிஎஸ்இ அதே ஆண்டு பிளஸ் டூவுக்கு 30:30:40 என்று வைத்தது. பத்தாம் வகுப்பின் மூன்று சிறந்த பாடங்களுக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டில் நடந்த யூனிட் டெஸ்ட், அரையாண்டு, ப்ரீ-போர்டு (வாரியத் தேர்வுக்கு முன் பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வு) ஆகியவற்றுக்கு 40. செய்முறை மார்க் தனியாக அப்படியே சேர்ந்தது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 20 மார்க் அகமதிப்பீடு, மீதி 80-இல் யூனிட் டெஸ்டுக்கு 10, அரையாண்டுக்கு 30, ப்ரீ-போர்டுக்கு 40.

நான்காம் படி: பள்ளிக்குப் பள்ளி சமன் செய்வது

அதிகம் பேர் கவனிக்காத படி இது. அதிகம் பேரைக் காயப்படுத்தியதும் இதுதான்.

மார்க்கைப் பள்ளியே போடும்போது தாராளமாகப் போட்டவருக்கு லாபம், நேர்மையாகப் போட்டவருக்கு நட்டம். அதைத் தடுக்க சிபிஎஸ்இ 2021-இல் ஒரு கயிறு கட்டியது. கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளி எந்த ஆண்டு மிக நன்றாகச் செய்ததோ, அதை அடிப்படை ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பில் பள்ளியின் மொத்தச் சராசரி அந்த ஆண்டின் சராசரியை 2 மார்க்குக்கு மேல் தாண்டக் கூடாது. அந்த ஆண்டுச் சராசரி 68 என்றால் இந்த ஆண்டு 70-தான் உச்சம். இதைப் பார்க்க ஒவ்வொரு பள்ளியிலும் முதல்வரும் ஏழு ஆசிரியர்களும் கொண்ட குழு, அதில் இருவர் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து.

இதன் பொருளை வகுப்பறைக்குள் வைத்துப் பாருங்கள். சுமாரான முடிவு வரும் பள்ளியில் ஒரு ஆண்டு நல்ல பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், அவர்களுடைய மார்க் அக்காமார் அண்ணன்மார் எடுத்த மார்க்கால் கட்டுப்படும்.

இதே எண்ணத்தை இங்கிலாந்து 2020-இல் முழுக்க ஒரு கணினிக் கணக்கிடம் ஒப்படைத்தது. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிரேடும், வகுப்புக்குள் முதல், இரண்டு, மூன்று என்று தரவரிசையும் அனுப்பினார்கள். தேர்வுகளைக் கண்காணிக்கும் ஆஃப்குவால் அமைப்பு பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளை வைத்துக் கிரேடுகளைத் திரும்பப் பிரித்தது. பெரிய வகுப்புகளில் ஆசிரியர் போட்ட கிரேடு கணக்கில் வரவில்லை, தரவரிசை மட்டும்தான். ஐந்து பேரோ அதற்குக் கீழோ உள்ள வகுப்புகளில் ஆசிரியர் கிரேடு அப்படியே நின்றது. அப்படிச் சின்ன வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில்தான் அதிகம். ஆகஸ்ட் 13 அன்று ஏ-லெவல் (நம் பிளஸ் டூ போன்ற பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்தபோது, இங்கிலாந்தில் ஆசிரியர் தந்த கிரேடுகளில் சுமார் 39 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தன. பல்கலைக்கழக இடம் போனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு அந்தக் கணக்கைக் கைவிட்டு ஆசிரியர் கிரேடுக்கே திரும்பியது. ஸ்காட்லாந்தில் சுமார் 1.24 லட்சம் கிரேடுகளைக் குறைத்துவிட்டு, அதற்கு ஆறு நாள் முன்பே, ஆகஸ்ட் 11 அன்று திரும்பப் பெற்றிருந்தார்கள். அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எழுதும் ஹையர் தேர்வில் வசதி குறைந்த பகுதிகளின் தேர்ச்சி விகிதம் 15.2 புள்ளி இறங்கியது, வசதியான பகுதிகளில் 6.9 புள்ளிதான்.

கயிறே இல்லாமல் விட்டாலும் சிக்கல்தான். 2021-இல் பிரிட்டனில் ஆசிரியர்களே கிரேடு போட்டபோது, ஏ-லெவலில் உயர்ந்த இரண்டு கிரேடுகளான ஏ-யும் ஏ ஸ்டாரும் சேர்ந்து 44.8 விழுக்காடு ஆனது. தேர்வு நடந்த 2019-இல் அது 25.4. ஆனாலும் என் மனம் ஆசிரியர் பக்கம்தான் நிற்கிறது. பிள்ளை எழுதிய தாளைப் பார்த்துப் போட்ட மார்க்கை, அந்தப் பிள்ளையைப் பார்க்காத ஒரு கணக்கு குறைப்பது சரியல்ல. ஆசிரியர் தாராளம் காட்டுகிறார் என்று சந்தேகமிருந்தால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரை அழைத்து அதே தாளைத் திருத்தச் சொல்லலாம்.

ஐந்தாம் படி: மார்க்கே இல்லாதவர்களுக்கு

தமிழ்நாட்டில் 2021-இல் பிளஸ் ஒன் பாடத்தில் தோற்றிருந்தவருக்கும் அந்தத் தேர்வை எழுதாதவருக்கும் 35 விழுக்காடு கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். தனித்தேர்வர்களுக்கு அந்த வழி இல்லை. பள்ளிப் பதிவேடு இல்லாததால் அவர்கள் 2020-இலும் 2021-இலும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் டுடோரியலில் படிக்கும் பிள்ளை இருந்தால், "ரத்து" என்ற செய்தி கேட்டதும் புத்தகத்தை மூடிவிட வேண்டாம்.

ஆறாம் படி: நீங்கள் செய்ய வேண்டியது

ரத்து என்ற பேச்சு எழுந்த அன்றே ரேங்க் கார்டு, விடைத்தாள்கள், செய்முறை நோட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போடுங்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வகுப்பாசிரியரைப் பாருங்கள். "மார்க் கூட்டுங்க" என்று கேட்கப் போக வேண்டாம். "ரெஜிஸ்டர்ல என்ன இருக்குன்னு ஒருதடவை பாத்துக்கலாமா சார்?" என்று கேளுங்கள். எந்த ஆசிரியரும் இதற்கு மறுக்க மாட்டார், மறுக்கவும் கூடாது. தாளில் உள்ள எண்ணும் ரெஜிஸ்டர் எண்ணும் ஒன்றா, 'ஆப்சென்ட்' என்று தவறாக எங்காவது இருக்கிறதா, வருகை நாட்கள் சரியா என்று மூன்றையும் பாருங்கள். தவறிருந்தால் மார்க்கைப் பதிவேற்றும் முன் ஹெச்.எம்.முக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேற்றிய பிறகு ஒரு எண்ணை மாற்ற முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகம் வரை அலைய நேரும்.

வீட்டில் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. முடிவு வரும்போது உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், எந்த இடத்தில் பிசகியது என்று சுட்டிக் காட்ட முடியும். "கம்மியா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் யாரும் எதையும் தேட மாட்டார்கள்.

ஏழாம் படி: மார்க் இல்லாத சான்றிதழ்

2021-இல் நம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மார்க்கே இல்லை, 'தேர்ச்சி' மட்டும். பிளஸ் ஒன்னில் குரூப் கொடுக்க ஒன்பதாம் வகுப்பு மார்க்கைப் பார்க்கச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டை யார் வைத்திருந்தார்கள்? ஆறாம் வகுப்பிலிருந்தே எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் பெற்றோர் கூட்டத்தில் சொல்வது இதனால்தான்.

கடைசியாக: திருப்தி இல்லை என்றால்

பெரும்பாலும் ஒரு விருப்பத் தேர்வு வைப்பார்கள். 2021-இல் தமிழ்நாடும் வைத்தது, சிபிஎஸ்இயும் வைத்தது. ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எழுதினால் எந்த மார்க் நிற்கும்? தமிழ்நாட்டில் எழுதிய மார்க்தான் இறுதி என்று இருந்தது. கூடினாலும் குறைந்தாலும் அதுதான். சிபிஎஸ்இயும் அப்படித்தான் சொன்னது. மார்க் குறைந்த மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். இரண்டில் எது நல்லதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதற்குள் அந்த ஆண்டுக் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது.

ஆகவே, சூத்திரம் தரும் மார்க்கிலேயே நீங்கள் விரும்பும் கல்லூரி கிடைக்கும் என்றால் எழுத வேண்டாம். கிடைக்காது, பிள்ளை நிஜமாகவே படித்திருக்கிறது, ப்ரீ-போர்டிலோ திருப்புதல் தேர்விலோ அது தெரிகிறது என்றால் எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் பழைய மார்க் நிற்குமா போகுமா என்று பள்ளியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேர்வு முடிவு வரும் தேதியையும் கல்லூரிச் சேர்க்கையின் கடைசித் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.